புது டிஸ்க் என்று சொல்லித் தேய்ந்த டிஸ்க்கைத் தலையில் கட்டினார்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, இதை இறுக்கிப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது) மாற்றப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். புது டிஸ்க்குக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, வேறு எந்தக் காரிலிருந்தோ கழற்றிய டிஸ்க்கை லேத்தில் சீவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து என் காரில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் அந்த பிரேக்கை நம்பித்தான் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கார் அப்பா ஓட்டியது, 14 வருடம் ஆகிறது. இன்ஜினில் குறை என்று ஒன்றும் கிடையாது. வேகத்தில் வரும்போது பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் கடகடவென ஆடும், பெடல் காலுக்கடியில் துடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "முன்னாடி டிஸ்க் ரெண்டும் பெண்டாயிடுச்சு மேடம், மாத்தியே ஆகணும்" என்றார். எதையும் வைத்து அளக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் ஓட்டை போட்ட டிஸ்க்கைக் காட்டி, "இதுதான் ரேஸ் கார்ல போடறது, சீக்கிரம் சூடு ஆறிடும்" என்றார். அதை நான் மறுத்துவிட்டேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட்கள். அந்தக் காலத்து பேட்கள் சூடேறும்போது அவற்றிலிருந்து வாயு கிளம்பி பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நிற்கும், அது வெளியேறத்தான் ஓட்டை போட ஆரம்பித்தார்கள். இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஓட்டை போட்ட அளவுக்குச் சூட்டைத் தாங்கும் இரும்பும் குறைகிறது, ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் விடவும் வாய்ப்பிருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டும் காருக்கு வழுவழுப்பான சாதா டிஸ்க்கே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, சாதா டிஸ்க்கே போடுகிறேன் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல பெயர் எடுத்த கம்பெனியின் பெட்டி. மூடியைத் திறந்து மேலாகக் காட்டினார், பளபளவென்று இருந்தது. கையில் எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாலையில் கார் வந்தது. கழற்றிய பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு மேடம்" என்றார். பில்லில் 'பிரேக் வேலை' என்று ஒற்றை வரி, பார்ட் நம்பர் கிடையாது.

முதல் சில வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு மெல்ல அதே ஆட்டம் திரும்பியது. நான்காவது மாதம், ஒரு இறக்கத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பிடித்ததும் கருகிய வாடை வந்தது. பெடல் கடினமாகத்தான் இருந்தது, ஆனால் வண்டி நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து ஓரங்கட்டினேன்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போக மனசு வரவில்லை. தோழி ஒருத்தி சொல்லி, தனியாக வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். சக்கரத்தைக் கழற்றியதும் அவர் கனத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தார். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் அளந்து, சாக்பீஸால் தரையில் ஒவ்வொன்றாக எழுதினார். என் காருக்குப் புது டிஸ்க்கின் கனம் 22 மி.மீ., 20 மி.மீ.க்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டும். இடது பக்கம் 20.2. வலது பக்கம் 19.7.

"நாலு மாசத்துல இவ்வளவு தேயாதும்மா. போடும்போதே இது பழசு" என்றார்.

நான் நம்பவில்லை, பெட்டியைக் கண்ணால் பார்த்தேனே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டிஸ்க்கைக் கழற்றி என் மடியருகே வைத்தார். முன் டிஸ்க் ஒரே தகடு இல்லை. இரண்டு இரும்புத் தகடுகள், நடுவே காற்று புகுந்து வெளியேறச் சந்து சந்தாக வழி. "உள்ளங்கையை நீட்டு" என்று சொல்லி, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை ஒரு சந்துக்குள் விட்டுச் சுரண்டினார். பட்டை பட்டையாகத் துரு என் கையில் கொட்டியது. சந்தின் வாயில் ஒரு விரல்கடை அகலத்துக்கு மட்டும் வெள்ளிப் பெயின்ட், அதற்கு உள்ளே முழுக்க வருடக்கணக்கான துரு. ஸ்ப்ரே பெயின்ட் அதற்கு மேல் உள்ளே போகாது. லேத்தும் அங்கே நுழையாது. முகத்தைப் புதுசாக்கலாம், வயிற்றுக்குள் இருப்பதை மறைக்க முடியாது.

திருப்பிப் போட்டார். ஹப்பில், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதியில், உட்காரும் பக்கத்தில் பெயின்ட்டுக்கு அடியில் வட்டமாக ஒரு தடம் தெரிந்தது, வேறொரு ஹப்பில் பல வருடம் உட்கார்ந்திருந்த தடம். விளிம்பில் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்த இடத்தை நகத்தால் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். எழுத்துகள் வந்தன. குறைந்தபட்சக் கனம் இவ்வளவு என்று டிஸ்க்கிலேயே அச்சிட்டு வரும் எழுத்துதான் அது. அதன்மேல்தான் பெயின்ட்டைக் கனமாகப் பூசியிருந்தார்கள்.

எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக வந்தது. 2 மி.மீ. தானே என்று தோன்றலாம். 22 மி.மீ. டிஸ்க்கில் நடுச்சந்து போக, ஒவ்வொரு தகடும் ஆறேழு மி.மீ. கனம்தான் இருக்கும். பக்கத்துக்கு 1 மி.மீ. போனால் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது அதன் ஓட்டம் முழுக்கச் சூடாக மாறுகிறது. ஒரு லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தச் சூடு போதும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழுகிறது. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் பழுக்கச் சூடாகிறது, பேட் பிடிமானத்தை இழக்கிறது. இறக்கத்தில் எனக்கு நடந்தது இதுதான். டிஸ்க்கோடு பேடும் தேய்ந்துகொண்டே போனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வரும். அது இன்னும் ஆபத்து.

'பெண்டாயிடுச்சு' என்று சொன்னதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். டிஸ்க் உண்மையிலேயே வளைவது அபூர்வமாம். பெரும்பாலும் நடப்பது வேறு. ஹப்பின் முகத்தில் துரு இருக்கும்போது அதைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். ஹப்பில் இருக்கும் சாய்வு டிஸ்க்கின் ஓரத்துக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சுற்றுக்கு ஒரு தடவை பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு இருந்தாலே காலுக்குத் தெரியும். என் டிஸ்க்கில் மூன்று பங்கு இருந்தது. தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. அதனால்தான் மாட்டியபோது நன்றாக இருந்த வண்டி மெல்ல மெல்ல ஆட ஆரம்பித்திருக்கிறது. ஹப்பைப் பார்த்தேன், கம்பி பிரஷ்ஷே படாத துரு அப்படியே இருந்தது.

இனி நீங்கள் டிஸ்க் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டிஸ்க்கைக் கையில் வாங்குங்கள். புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் படலத்தோடு வரும், அல்லது சாம்பல் நிறத்தில் துத்தநாகப் பூச்சோடு வரும். எனக்குப் போட்டதில் எண்ணெயும் இல்லை, துத்தநாகப் பூச்சும் இல்லை, வெறும் வெள்ளிப் பெயின்ட்தான். சந்துக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வேறு எதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். விளிம்பிலோ நடு மேட்டிலோ குறைந்தபட்சக் கனம் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். வெர்னியர் அளவுகோலால் கனத்தை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். புது டிஸ்க் அந்தக் குறைந்தபட்சத்தைவிட ஏறக்குறைய 2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். தேய்ந்த டிஸ்க்கை வெர்னியரால் அளந்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டையும் சேர்த்துத் தப்பாகக் காட்டும், அதற்கு மைக்ரோமீட்டர்தான் சரி.

பழைய காரில் இன்னொரு சிக்கல், ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று அளவில் டிஸ்க் இருக்கும். நடு வருடத்தில் கம்பெனி மாற்றியிருக்கும், ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்றும் இருக்கும். வருடத்தைச் சொல்லி வாங்காமல் சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுங்கள். விட்டம், கனம், மொத்த உயரம், நடு ஓட்டை என நான்கும் ஒத்துப்போக வேண்டும். உயரம் சில மி.மீ. மாறினாலே டிஸ்க் காலிப்பருக்கு நடுவில் வராது.

தரமுத்திரை பார்த்து வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மாற்று பிரேக் பாகங்களுக்கென்று ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 90-ஆம் எண் விதி இருக்கிறது. அதைப் பின்பற்றும் நாடுகளிலும் டிஸ்க்கைப் பொறுத்தவரை 2016 நவம்பருக்குப் பிறகு ஒப்புதல் பெற்ற மாடல்களுக்குத்தான் அது கட்டாயம். நம்மைப் போன்ற பழைய கார்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. முத்திரை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி.

இந்த முறை டிஸ்க்கை நானே வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் சேர்த்து, கூடவே புது பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். பழைய பேட் பழைய டிஸ்க்கின் பள்ளம் மேட்டுக்குப் பழகியிருப்பதால் புது டிஸ்க்கையும் கெடுத்துவிடும். பெரியவர் ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தார், டிஸ்க்கின் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தார், மாட்டி, டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டினார். முள் 0.03 மி.மீ.க்கு மேல் அசையவில்லை. வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்காமல், எதிரெதிராக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாகக் குறைப்பது, முழுசாக நிறுத்தாமல் திரும்ப வேகமெடுப்பது என்று பத்துப் பதினைந்து தடவை செய்ய வைத்தார். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிய அது வேண்டுமாம். முதல் ஒர்க்‌ஷாப்பில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பழைய டிஸ்க் இரண்டையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். முதலில் "நாங்க போட்டது இது இல்ல மேடம்" என்றார்கள். துருவையும் தடத்தையும் காட்டியதும் "சப்ளையர் அப்படிக் கொடுத்துட்டான்" என்றார்கள். கடைசியில், டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். ஒரு நொடி கை நீண்டது. அந்த டிஸ்க் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று அப்போதுதான் யோசித்தேன். என் காரிலிருந்து கழற்றி 'ஸ்கிராப்புக்குப் போன' டிஸ்க்கும் இப்போது யாருடைய காரிலோ புதுசாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மைக்ரோமீட்டர் வைத்த நிலையில் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு டிஸ்க்கையும் கட்டிங் வீலால் குறுக்கே அறுத்துத் தரும்படி பெரியவரிடம் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான்கு துண்டாக அறுத்த பிறகுதான் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.