ஏழா, பதினைந்தா, 'அவளே கேட்கட்டும்' என்பதா?

மகளுக்கு வரும் ஜூலையில் எட்டு முடிகிறது. மனைவி வீடு தூத்துக்குடி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். நான் நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. என் தம்பி காலேஜ் படிக்கும்போதே பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டான். பிள்ளை விசுவாசத்தில் தன் காலில் நிற்கிற வயது எது என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பந்தியிலேயே மூன்று பதில் வரும்.

மாமியாருக்குச் சந்தேகமே கிடையாது. "மூணாங்கிளாஸ் முடிஞ்சதும் புதுநன்மை குடுத்துரணும் மாப்ள." புதுநன்மை என்பது கோயிலில் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்குவது. இந்த வயதில் கொடுப்பது பழைய வழக்கம் போலத் தோன்றும். உண்மையில் நூற்றுச் சொச்சம் வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினாலு வயது வரைகூடப் பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். 1910 ஆகஸ்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர்தான் ஏழு வயது வாக்கில் போதும் என்று ஆணையிட்டார். வேதசாஸ்திரமெல்லாம் குழந்தைக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் தின்கிற அப்பத்துக்கும் இந்த அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும். இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது அதற்கு முந்தின படி, குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். கொழுந்தியாள் மகள் போன வருடம் முதல் நாள் ராத்திரி பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தாள். 'தம்பி ரப்பரை எடுத்தேன்', 'அம்மாட்ட பொய் சொன்னேன்'. மூன்றாவது வரி காலி. "பெரியப்பா, பாவம் பத்தலையே" என்றாள். எட்டு வயதில் மனசாட்சி இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியா, இல்லை என்பதற்கா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் வெள்ளை கவுன், தலையில் கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, மதியம் பிரியாணி. அவர்களிடம் விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதல் தனியாக உண்டு. அதன் வயது இடத்துக்கு இடம் மாறும்.

எங்கள் பக்கம் வேறு கணக்கு. குழந்தையில் ஞானஸ்நானம், ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் நமக்காகப் பதில் சொல்வார்கள். வளர்ந்தபின் அதை நாமே நம் வாயால் சொல்வது திடப்படுத்தல். எனக்குப் பத்தாம் வகுப்பு லீவில் நடந்தது. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாம் மனப்பாடம். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கேட்கக் கேட்க ஒப்பித்தோம். பேராயர் கை தலையில் இறங்கியபோது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதுவரை நற்கருணையை நாங்கள் சொல்கிற திருவிருந்து ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் எழுந்து போக, "நீ இருடா" என்று பெஞ்சிலேயே உட்கார வைக்கப்பட்டவன் நான். அந்தப் பதினைந்து வருடக் காத்திருப்புக்கு என்ன காரணம் என்று யாரும் சொன்னதில்லை.

வாக்குக் கொடுக்கப் பதினைந்து ஏழைவிட நல்ல வயதுதான். ஆனால் எங்கள் செட்டில் ஒருவனாவது 'எனக்கு வேண்டாம்' என்றானா? வீட்டில் வெள்ளைச் சேலை, புதுச் சட்டை எடுத்தாகிவிட்டது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்புறம் எங்கே மாட்டேன் என்பது? அடுத்த ஞாயிறே பாதிப் பேரைக் கோயிலில் காணோம்.

இந்த இடத்தைத்தான் தம்பி சரியாகப் பிடிப்பான். "அவளே கேட்கட்டும்ணே. விசுவாசம் முதல்ல, தண்ணி அப்புறம்." அவர்களிடம் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, கடவுளிடம் ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை ஜெபம் மட்டும்தான். இதை நேற்று முளைத்த சபைகளின் பேச்சு என்று எங்கள் ஊரில் தள்ளிவிடுவார்கள். அது தப்பு. கி.பி. 200 வாக்கிலேயே ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகளுக்கு ஏன் அவசரம் என்று எழுதினார். பின்னால் புனிதராகவும் பேராயராகவும் ஆன அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றது 387-இல், முப்பது தாண்டியபின். மோனிக்கா போன்ற பக்தியுள்ள தாய்க்குப் பிறந்தும் அவ்வளவு தாமதம். 1525-இல் சூரிச்சில் பெரியவர்களாகி மறுபடி ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, இரண்டே வருடத்தில் அந்த நகரத்து ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள்.

தம்பி இருபது வயதில் தாமிரபரணியில் முழுக்கு எடுத்துவிட்டு, ஈர வேட்டியை பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. "அப்போ மூணு மாசத்துல நான் உன்னைத் தூக்கிட்டுப் போனது என்னடா?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. அவன் மகனோ பதினொரு வயதில், ஒரு கேம்ப் முடிந்த கையோடு, கூட்டாளிகள் இரண்டு பேர் எடுத்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டான். அது அவனே கேட்டதா என்று தம்பியிடம் கேட்டேன். "அப்படித்தான் நம்புறேன்" என்றான். எங்கள் செட்டில் இருந்த கட்டாயத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் எனக்குத் தெரியவில்லை.

1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்ததால், குழந்தை ஞானஸ்நானம், வளர்ந்தபின் ஞானஸ்நானம் இரண்டையுமே ஏற்றுக்கொண்டார்கள். கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபையில் பிரச்சினையே இல்லை: கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம், மூரோன் என்கிற பரிசுத்த தைலம் பூசுதல், குர்பானா என்கிற நற்கருணை மூன்றும் ஒரே நாளில். பரீட்சையும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது.

என்னைக் கேட்டால் பந்திக்கு மாமியார் கணக்கு, வாக்குக்குத் தம்பி கணக்கு. சாப்பிட வயது பார்க்க வேண்டாம். சத்தியம் வாங்க அவசரப்பட வேண்டாம், பதினைந்துகூடச் சீக்கிரம்தான். இப்படி இரண்டையும் பிய்த்து எடுக்க எந்தச் சபை விடும்?

மகளுக்கு மனைவி ஊர்க் கோயிலில்தான் ஞானஸ்நானம் ஆனது. மாமியார் கவுனுக்குத் துணி எடுத்துவிட்டார். போன ஞாயிறு எங்கள் கோயிலில் திருவிருந்துக்கு நான் எழுந்தபோது மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆச்சி கோயில்ல எனக்கு வயசாயிருச்சாம். இங்க எப்பப்பா ஆகும்?" வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. "நீ இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.