சார்ட்டா, சார்ட்டட்டா: லிஸ்ட் மாறுமா என்பதை எந்தப் பெயர் சொல்கிறது?

ஒரு லிஸ்ட்டை வரிசைப்படுத்த இரண்டு வழி உண்டு. கையில் இருக்கும் லிஸ்ட்டையே கலைத்து அடுக்கலாம். அல்லது அதைத் தொடாமல், அடுக்கிய புது லிஸ்ட் ஒன்றைத் தரலாம். இரண்டில் எது நடக்கப்போகிறது என்பதை ஃபங்ஷனின், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டின், பெயரே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பைத்தான், ரூபி, ஸ்விஃப்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நான்கு புரோகிராமிங் மொழிகளும் இதற்கு வெவ்வேறு விதமாகப் பெயர் வைத்திருக்கின்றன.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், ஒருமுறை பலமாக அடிபட்டிருக்கிறேன். மாணவர் பெயர்கள் ஒரு அரேயில் (லிஸ்ட்டுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இதுதான் பெயர்), மதிப்பெண்கள் அதே வரிசையில் இன்னொரு அரேயில். முதல் மூன்று மதிப்பெண்களை எடுக்க ‘கெட் டாப் மார்க்ஸ்’ என்று ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ போட்டு, மேலே இருந்து மூன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை ஒருமுறை கூப்பிட்டதுமே மதிப்பெண் அரே முழுக்க இடம் மாறிவிட்டது. அப்புறம் அச்சான பட்டியலில் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்கு எதிரே இருந்தது. நல்லவேளை, அது சோதனைப் பிரதி. ‘கெட்’ என்றால் எடுத்துக் கொடுப்பது. வீட்டைக் கலைப்பது அல்ல. பெயர் சொன்னது ஒன்று, உள்ளே நடந்தது இன்னொன்று.

ஜாவாஸ்கிரிப்டின் சார்ட் இந்தத் தவறுக்கு வழிவிடுகிறது. அது மூல அரேயை மாற்றுகிறது. மாற்றிய அதே அரேயைத் திருப்பியும் தருகிறது. அதனால் ‘பி = ஏ.சார்ட்()’ என்று எழுதினால், பி புதிது, ஏ பழையபடியே இருக்கிறது என்று கண் நம்பிவிடும். உண்மையில் இரண்டும் ஒன்றே. எர்ரர் எதுவும் வராது. பழைய வலைத்தளங்கள் உடைந்துவிடும் என்பதால் சார்ட்டின் நடத்தையை இனி மாற்றவும் முடியாது. ஆகவே 2023 பதிப்பில், அடுக்கிய புது அரேயைத் தரும் ‘டுசார்ட்டட்’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். கூடவே டுரிவர்ஸ்ட், டுஸ்ப்ளைஸ்ட். முன்னால் நிற்கும் அந்த ‘டு’ கண்ணில் உடனே படுகிறது. எடிட்டரில் ‘டு’ என்று தட்டினாலே, இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன. தாமதமாக வந்தாலும் நல்ல பெயர். ஸ்லைஸ், ஸ்ப்ளைஸ் என்ற ஜோடி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது: ஒரே எழுத்து வித்தியாசம், ஒன்று நகல் தரும், மற்றது அரேயையே வெட்டும்.

பைத்தான் இதை எப்போதோ சரியாகச் செய்துவிட்டது. சார்ட் மூல லிஸ்ட்டை மாற்றும், திருப்பித் தருவது ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. தெரியாமல் அதன் விடையை ஒரு வேரியபிளில் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரில்) போட்டால், அடுத்த சில வரிகளிலேயே புரோகிராம் தடுக்கி விழும்; தவறு உடனே தெரிந்துவிடும். 2004இல் வந்த 2.4 பதிப்பில் ‘சார்ட்டட்’ சேர்ந்தது. அது புது லிஸ்ட் தரும். சார்ட் லிஸ்ட்டின் பின்னால் புள்ளி வைத்து ஒட்டிக்கொள்ளும், சார்ட்டட் லிஸ்ட்டுக்கு முன்னால் தனியாக நிற்கும். பெயர்கள் நெருக்கமாக இருந்தாலும் எழுதும் முறை வேறு என்பதால் குழப்பம் குறைவு.

ரூபியில் சார்ட் புதிதாகத் தரும், ஆச்சரியக்குறி போட்ட சார்ட் மூலத்தை மாற்றும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் குறியை முழுக்க நம்ப முடியாது. சேர்க்கும் புஷ், நீக்கும் டெலீட், இன்னொரு அரேயை ஒட்டும் கான்கேட் எல்லாம் குறி இல்லாமலே அரேயை மாற்றுகின்றன. குறி இருந்தால் ஜாக்கிரதை என்று தெரியும்; இல்லாவிட்டால் பயமில்லை என்று சொல்ல முடியாது.

ஸ்விஃப்ட் தன் பெயரையே திருத்திக்கொண்ட மொழி. இரண்டாம் பதிப்பில் சார்ட் புதிதாகத் தந்தது, ‘சார்ட் இன் ப்ளேஸ்’ மூலத்தை மாற்றியது. 2016இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, சார்ட் மாற்றும், சார்ட்டட் தரும் என்று ஆக்கினார்கள். மாற்றுகிற வேலைக்குக் கட்டளைச் சொல், விளைவைத் தருவதற்கு முடிந்த வினையின் வடிவம் என்பது விதி. போதாததற்கு, மாறக்கூடாது என்று ‘லெட்’ போட்டு அறிவித்த அரேயில் சார்ட்டைக் கூப்பிட்டால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும். தமிழில் ‘அடுக்கு’ என்றால் ஏவல், ‘அடுக்கிய’ என்றால் பெயரெச்சம். ‘பட்டியலை அடுக்கு’, ‘அடுக்கிய பட்டியல்’ இரண்டையும் நம்மில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டோம். நான்கில் எனக்கு ஸ்விஃப்டின் விதிதான் பிடித்திருக்கிறது. என் சொந்த ஃபங்ஷன்களுக்கும் அதையே பின்பற்றுகிறேன்.

சரி, ஜாவாஸ்கிரிப்டில் வேலை செய்பவர்கள்? பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ‘நோட்’ மென்பொருளில், 20ஆம் பதிப்பு முதல் டுசார்ட்டட் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பென்றால், மூன்று புள்ளி போட்டு அரேயை நகலெடுத்து, நகலை மட்டும் சார்ட் செய்து தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை எழுதிக்கொள்ளலாம். நான் அதற்கு ‘சார்ட்டட் காப்பி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ‘கெட் டாப் மார்க்ஸ்’ இப்போது அதைத்தான் கூப்பிடுகிறது.