பாக்கா-ஃபீனிக்ஸ்: பத்து வருடமாகப் போய்வரும் புத்தகக்கடை

ஸ்காபரோவில் இருந்து ரொறன்ரோ ஹார்போர்ட் தெருவில் இருக்கும் இந்தப் புத்தகக்கடைக்குப் போக, கென்னடியில் ரயில் ஏறி ஸ்பாடைனாவில் இறங்கி நடக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்த நடைதான் சிரமம். ஆனாலும் மாதம் ஒருமுறை போய்விடுவேன்.

முதலில் நானும் இணையத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தொடரின் மூன்றாம் பாகம் அட்டை மடங்கி வந்தது. இரண்டாம் பாகம் வரவேயில்லை. அந்த எரிச்சலில்தான் இங்கே போனேன். கல்லாவில் இருந்தவர் புத்தகத்தைத் தேடும் முன்பே, "எதுவரை வாசித்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் மூன்றாம் பாகத்தின் பின்னட்டையைக்கூட வாசித்துவிடாதீர்கள்" என்றார். அடுத்த மாதம் நான் வாய் திறக்கும் முன்பே, "அந்தக் கோட்டை விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். அன்றைக்கே நான் இந்தக் கடையின் ஆள் ஆகிவிட்டேன்.

1972இல் தொடங்கிய கடை இது. முழுக்க அறிவியல் புனைவும் மிகுபுனைவும் (ஃபேண்டஸி)தான். குவீன் தெருவில் ஆரம்பித்து, இடம் மாறி மாறி 2010இல் ஹார்போர்ட் தெருவுக்கு வந்தது. 'பாக்கா' என்ற பெயர் டியூன் என்ற அறிவியல் புனைவு நாவலில் இருந்து எடுத்தது: மனித குலம் முழுவதற்காகவும் அழுபவர் என்று அதில் பொருள். ராபர்ட் சாயர், தான்யா ஹஃப், நாலோ ஹாப்கின்சன், கோரி டாக்டரோ போன்ற எழுத்தாளர்கள் எல்லோரும் இங்கே வேலை பார்த்தவர்கள். புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர் நாளைக்கு அதே அலமாரியில் எழுத்தாளராக வந்து நிற்கலாம். அதனால் அவர் பேச்சை நான் கவனமாகக் கேட்பேன்.

ஒரு புத்தக வெளியீட்டு நாளில் கடையில் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்தான் மெரில் தொகுப்பைப் பற்றிச் சொன்னார். கொஞ்சத் தூரம் நடந்தால் காலேஜ் தெருவில் லிலியன் ஸ்மித் நூலகம். வாசலில் இறக்கை வைத்த வெண்கலச் சிலைகள். அறிவியல் புனைவு எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் கொடுத்த சுமார் 5,000 நூல்களோடு தொடங்கிய தொகுப்பு உள்ளே இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். இப்போதெல்லாம் இரண்டு இடத்துக்கும் சேர்த்தே ஒரு நாளை ஒதுக்கிவிடுகிறேன்.

போன மாதம் மகளைக் கூட்டிப்போனேன். டிராகன் கதை வேண்டும் என்றாள். "நல்ல டிராகனா, கெட்ட டிராகனா?" என்று கேட்டார்கள். அவள் கொஞ்சம் யோசித்து, "தனியாக இருக்கிற டிராகன்" என்றாள். மூன்று புத்தகங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவதை அவள் கீழே வைக்கவே இல்லை. அப்புறம் என்ன, அதன் அடுத்த பாகத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். வந்தால் ஃபோன் செய்வார்கள். "ஃபோன் வந்ததா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.