பேட் வெச்ச சைக்கிள் ஷார்ட்ஸ்: வாங்கலாமா, வேணாமா?

முதல்லயே சொல்லிடறேன். காட்பாடியிலேர்ந்து பாலாத்து பாலம் தாண்டி வேலூர் கோட்டை வரைக்கும் போய் அகழிய ஒரு சுத்து சுத்திட்டு டீ குடிச்சிட்டு வர்றதுக்கு எந்த ஸ்பெஷல் டிரெஸ்ஸும் வேணாம்ங்க, வீட்ல போடற டி-ஷர்ட்டும் அரை டிராயருமே தாராளம்.

ஆனா கணியம்பாடி வழியா அமிர்தி வரைக்கும்னு கிளம்பினா போக வர அம்பது கிலோமீட்டருக்கு மேல ஆயிடும், அங்கதான் உக்கார்ற எடத்துல பேட் வெச்சித் தெச்ச இந்த ஷார்ட்ஸ் காசுக்கு வேலை செய்யுது. குஷனுக்காக மட்டும்தான் இதுன்னு நெறய பேர் நெனக்கறாங்க, அது பாதிதான். சாதா ஜட்டியோட தையல் தொடை இடுக்குல உரசிகினே இருக்கும், காட்டன் வேர்வைய குடிச்சிட்டு காயாம ஈரமாவே கெடக்கும், நம்ம ஊர் வெயில்ல ரெண்டும் சேந்தா தோல் உரிஞ்சி ராத்திரி படுக்கவே முடியாது. இதுல பேட் மேல தையல் குறுக்க ஓடாது, துணியும் சீக்கிரம் காயும். உள்ள ஜட்டி போடவே கூடாது, போட்டா வாங்கினதே வேஸ்ட்.

கடையில உள்பக்கத்த வெளிய திருப்பி, உக்கார்ற எலும்பு படற எடத்துல கட்டவெரலால அழுத்திப் பாருங்க. நல்ல பேட் கொஞ்சம் எதிர்த்து நிக்கும், விட்டவொடனே எழும்பிடும். மட்டமானது வெறும் ஸ்பாஞ்ச், வெரல் அடி வரைக்கும் எறங்கிடும், ஓரத் தையலும் கயிறு மாதிரி தடிச்சிருக்கும். லேடீஸுக்கு பேட் அமைப்பே வேற, ஜென்ட்ஸோடத வாங்கிக் குடுக்காதீங்க.

டைட்டா இருக்கேன்னு கூச்சமா இருந்தா மேல ஒரு லூஸ் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம், நான் அப்டிதான் போறேன்.

சைக்கிள் ஓட்றதுக்குன்னு விக்கிற ஜெர்சி அவசியமில்ல, ஃபுட்பால் ஆடற பாலியெஸ்டர் டி-ஷர்ட்டே அந்த வேலைய செய்யும், முதுகு பாக்கெட் ஒண்ணுதான் இருக்காது. அந்தக் காசுல ஹெல்மெட்டும் பின்னாடி சிகப்பு லைட்டும் வாங்குங்க, விடியறதுக்கு முன்ன லாரி போற ரோட்ல அது இல்லாம தயவுசெஞ்சி எறங்காதீங்க. பேண்ட் போட்டு ஓட்றவங்க செயின் பக்கத்து கால்ல ஒரு ரப்பர் பேண்டு, சுடிதார்னா துப்பட்டாவ இடுப்புல இறுக்கி முடிஞ்சிக்கணும், சக்கரத்துல சிக்கினா ஆளையே தள்ளிடும்.

ஒவ்வொரு தடவ போட்டதும் தொவைச்சிடணும், கம்ஃபோர்ட் ஊத்தாதீங்க, பேட் வெளிய தெரியற மாதிரி திருப்பிப் போட்டு காய வைங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தீங்கன்னா சின்னத எடுங்க, லூஸா இருந்தா பேட் நகந்து நகந்து அதுவே உரசும்.