மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800: ஈரமணலில் அமைதி காக்கும் கருவி

கடற்கரையில் உலோகம் தேட மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர், தாம் உலர்மணலோடு நின்றுகொள்ளப் போகிறாரா, அலை நனைத்த மணலிலும் இறங்கப் போகிறாரா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உலர்மணல் போதும் என்பவருக்கு, ஆஸ்திரேலிய நிறுவனமான மைன்லேப் 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈக்வினாக்ஸ் 800 தேவைக்கு மிஞ்சிய செலவு. ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் எளிய கருவியே அவருடைய வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ஈரமணலில் இறங்குபவருக்கு, சிட்னியின் வடபுறக் கடற்கரைகளில் இதைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

காரணம் உப்பு. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், அதில் ஊறிய மணல் முழுவதையும் உலோகம் என்று எண்ணிக்கொண்டு ஒற்றை அதிர்வெண் கருவிகள் ஓயாமல் கத்தும். அந்தக் கூச்சலை அடக்க உணர்திறனைக் குறைத்தால், ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தின் ஒலியும் சேர்ந்து அடங்கிவிடும். பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவிகள் (விட்டு விட்டு மின்துடிப்புகளை அனுப்பித் தேடுபவை) உப்பைப் பொருட்படுத்தாமல் ஆழமாகத் தேடும் என்றாலும், தங்கத்தையும் துருப்பிடித்த ஆணியையும் பிரித்தறிவதில் மிகவும் பலவீனமானவை. ஈக்வினாக்ஸ், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்பி, திரும்பி வருபவற்றை ஒப்பிட்டு, உப்பினால் எழும் பகுதியைக் கழித்துவிடுகிறது. இதில் உள்ள தேடல்முறைகளில் பீச் 1 உலர்ந்த மணலுக்கும் ஈரமணலுக்கும் உரியது. பீச் 2, அனுப்பும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, அலைக்குள்ளும் நீருக்கடியிலும் வேலை செய்கிறது. உணர்திறனை 25 வரை ஏற்றலாம் என்றாலும் நான் 18-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆழத்தில் கிடைக்கும் ஓரிரு அங்குலத்தைவிடக் காதுக்குக் கிடைக்கும் அமைதி மேலானது.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் இலக்கு எண் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. மைனஸ் 9 முதல் 40 வரை திரையில் தோன்றும் இந்த எண், ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதையும் அதன் அளவையும் வடிவையும் பொறுத்து அமைகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் அது பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆனால் தங்க மோதிரங்கள், அவற்றின் எடைக்கும் கலப்புக்கும் ஏற்ப, குளிர்பான டப்பாவின் திறப்பு வளையமும் அலுமினியத் தாளும் தோன்றும் அதே எண்களில்தான் தோன்றும். குப்பையைத் தவிர்க்க அந்த எண்களை முடக்கிவிட்டால், தேடி வந்த பொருளையே முடக்கியதாகிவிடும்.

கருவி பிரிக்கத் தவறும் இந்த இரண்டையும் கடல் பிரித்து வைத்திருக்கிறது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 2.65, அலுமினியத்தினுடையது 2.7, எனவே அலை மணலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறதோ அங்கேயே அலுமினியமும் போய்ச் சேர்கிறது. ஈயம் 11.3, தூய தங்கம் 19.3, இவை மணல் அசைய அசையக் கீழே இறங்கி, சிப்பியோ கூழாங்கல்லோ களிமண்ணோ செறிந்த கெட்டியான படுகையில் தங்கிவிடுகின்றன. ஓரிடத்தில் அலுமினிய வளையங்களாகவே அகப்பட்டால் அது புதிதாகச் சேர்ந்த மணல், விட்டு நகரலாம். தூண்டில்காரர்கள் இழந்த ஈயக்குண்டுகளும், 1988-இல் புழக்கத்துக்கு வந்த தடித்த இரண்டு டாலர் நாணயங்களும் சேர்ந்து கிடைக்கத் தொடங்கினால், நடையை மட்டுப்படுத்தி, கருவியின் அடியிலுள்ள தேடுதட்டான காயிலின் வீச்சு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தேடி, ஒலிக்கும் அனைத்தையும் தோண்ட வேண்டும். கருமணல் கோடுகளும் இதே வகை அடையாளம்தான்: கன்னியாகுமரி மாவட்ட மணவாளக்குறிச்சியில் இல்மனைட், மோனசைட் ஆகிய கனமான கனிமங்களைக் கரையில் குவித்த அதே அலைத்தரம்பிரிப்பு இங்கும் நிகழ்கிறது.

கெட்டிப் படுகை எப்போதும் எட்டும் ஆழத்தில் இருப்பதில்லை. சாதுவான அலைகள் கரைக்கு மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். புயல் அலைகள் அதைச் சுரண்டிக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். 1976 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்துவரும் சிட்னியின் நாராபீன்–கொலராய் கடற்கரையில் 2016 ஜூன் மாதப் புயல், கரையோர வீடொன்றின் நீச்சல்குளத்தையே பெயர்த்து மணலில் தள்ளியது. அவ்வளவு சீற்றம் தேவையில்லை. சாதாரணக் குளிர்காலக் கொந்தளிப்புக்குப் பிறகு, மணல் இடுப்பளவு செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும் இடத்தின் அடிவாரத்தில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகம் வற்றுவதால், வற்று நேரத்துக்குச் சற்று முன்னதாகவே சென்று, இறங்கும் நீரைப் பின்தொடர்ந்து தேடுவது நல்லது.

1.34 கிலோ எடையும் 11 அங்குல காயிலும் கொண்ட இக்கருவி உலர்மணலில் கையை வருத்துவதில்லை. நீருக்குள் அந்த அகன்ற காயிலை வீசுவதுதான் சிரமம். 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, ஆனால் உடன் வரும் வயர்லெஸ் ஹெட்போன் நீருக்கானது அன்று. மூழ்கித் தேடுபவர் நீர்புகா ஹெட்போனைத் தனியாக வாங்க வேண்டும். கைப்பிடிக்குள் அடங்கிய பேட்டரி சுமார் 12 மணி நேரம் தாங்குவதால் அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மணலை அள்ளிச் சலிக்கும் துளையிட்ட எஃகு ஸ்கூப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். நீர் தளும்பும் குழியில் சாதாரண மண்வாரி பயன்படாது.

உள்ளாட்சிக்கு உள்ளாட்சி விதிகள் மாறுபடுவதையும், 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பற்சிதைவுகள் ஆஸ்திரேலியச் சட்டத்தால் தாமாகவே பாதுகாக்கப்படுவதையும் அறிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பின்னர் வந்த ஈக்வினாக்ஸ் 900, 5 மீட்டர் ஆழம் தாங்கும். அதன் கார்பன் ஃபைபர் தண்டும் உறுதியானது. நீருக்குள் நெடுநேரம் நிற்பவர் அதற்கே போகலாம். முழங்கால் நீரோடு திரும்பிவிடுபவருக்கு, பழைய 800 ஒன்று கிடைத்தால் அதுவே போதும்.