"இலவச" காற்றுச் சோதனையை நம்பி 1,480 வெள்ளி போச்சு

எங்கள் வீட்டுக் காற்றைச் சோதித்த லேப் ரிப்போர்ட் இன்று காலைதான் வந்தது. படித்த சூட்டோடு எழுதுகிறேன். புது பிடிஓ (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

ஏப்ரலில் சிங்கப்பூரின் தெங்கா வட்டாரத்தில் புது வீட்டுக்கு வந்தோம். மகள் அறையில் புதிதாகச் செய்த அலமாரியைத் திறந்தாலே கண் எரியும். ராத்திரி ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்தினால் அவளுக்கு இருமல். பலகை ஒட்டும் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு வாயுவாக இருக்கும் என்றார் தோழி. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004லேயே வகைப்படுத்தப்பட்டது அது. படித்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு நிறுவனம் இலவசச் சோதனை என்று விளம்பரம் போட்டிருந்தது. கூப்பிட்டேன். வந்த தம்பி தமிழ்தான். வாசலிலேயே சானிட்டைசர் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். எவ்வளவு சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன்! கைபேசி அளவில் ஒரு கருவியை அலமாரிக்குள் பிடித்தார். 0.61, சிவப்பு விளக்கு. "அக்கா, எனக்கும் சின்னப் பிள்ளை இருக்கு, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 1,480 வெள்ளியை அங்கேயே கைபேசியில் பேநவ் மூலம் அனுப்பினேன்.

மூன்று மணி நேரம் ஏதோ தெளித்தார்கள். ஜன்னலை எல்லாம் திறந்து, காற்றாடியை ஓடவிட்டு, மறுபடி அளந்தார்கள். 0.02, பச்சை. ஐந்து ஆண்டு உத்தரவாதமாம்.

மூன்றே வாரத்தில் அதே நெடி. போன் செய்தால், "புது வீடுன்னா அப்படித்தான் இருக்கும்க்கா." அடுத்த வாரம், "டெக்னீஷியன் லீவு." அதற்கடுத்து, "நீங்க புதுசா ஏதாவது மரச்சாமான் வாங்கியிருப்பீங்க." இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. 1,480 வெள்ளி வாங்கும்போது மட்டும் இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது!

கட்டட ஏர்கான் பராமரிப்பில் வேலை செய்யும் என் கொழுந்தனார்தான் சொன்னார், மலிவான கருவிகள் ஆல்கஹால், வாசனைத் திரவியம் எல்லாவற்றுக்கும் எகிறும் என்று. அதே மாதிரி ஒன்று வாங்கி, சானிட்டைசர் தடவிய கையைப் பக்கத்தில் வைத்தேன். பச்சையில் இருந்தது கண் முன்னால் சிவப்புக்குப் போனது. வயிறு எரிந்தது.

பிறகு ஒரு லேப் மூலம் முறையாகச் சோதித்தோம். முதல் நாள் இரவே ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னார்கள். சின்ன பம்ப் வைத்துக் கண்ணாடிக் குழாய் வழியாகக் காற்றை இழுத்து எடுத்துப்போனார்கள். ஒரு கன மீட்டருக்கு 0.23 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அரை மணி நேரச் சராசரியில் 0.1தான். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கட்டாயம் செய்யுங்கள், அலுவலகத்திலும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சோதிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: அங்கீகாரம் பெற்ற லேபா என்று கேளுங்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது எடுத்த அளவை ஏற்காதீர்கள். அன்றே பணம் கட்டாதீர்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள், என்னிடம் அது இல்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 1,480 வெள்ளிக்காக நாளை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.