யானைமலை பனோரமா: ஹகினிலேயே வெட்டுவதா, பிறகு கிம்ப்பில் வெட்டுவதா?

மதுரை ஒத்தக்கடையில் நின்று பார்த்தால் யானைமலை ஒரே படத்துக்குள் அடங்காது. கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று 30 சதவீதம் படியும்படி 7 படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் 4000-க்கு 6000 பிக்சல். இவற்றை இணைத்து ஒரே அகலப் படமாக (பனோரமா) ஆக்கினால் அகலம் சுமார் 20,000 பிக்சல். மேலும் கீழும் ஓரங்கள் கோணல்மாணலாக நிற்கும்.

படங்களை இணைக்கும் மென்பொருளான ஹகினின் முன்னோட்டத்தில் ஆட்டோகிராப் (Autocrop, தானாக ஓரம் வெட்டும் வசதி) அழுத்தினால், காலி ஓரம் இல்லாத செவ்வகத்தை அதுவே கண்டுபிடித்துவிடும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மலை எது, வானம் எது என்று அதற்குத் தெரியாது. கையில் எடுத்ததால் ஒரே ஒரு படம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதனால் மொத்தப் படத்துக்கும் மேல்பக்க வானம் போய்விட்டது. அந்த வானம் இல்லாமல் யானையின் தலை மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது.

வெட்டாமல் டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்து, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் திறந்தால், காலி மூலைகளைக் குளோன் கருவியால் (படத்தின் ஓர் இடத்தை இன்னோர் இடத்தில் நகலெடுப்பது) வானம் வைத்து நிரப்பலாம். கோப்பு பெரிசு, பழைய கணினி திணறும். இருந்தாலும் மலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வண்டியூர் தெப்பக்குளம் என்றால் ஆட்டோகிராப்தான். அங்கே படிக்கட்டையும் சுவரையும் குளோன் செய்தால், இல்லாத கல்லை நாமே கட்டியதாகிவிடும்.

எந்த வழியானாலும், படத்தை நேராக்கிய பிறகே கேன்வாஸ் அளவை, அதாவது இணைத்த படத்தின் அகலம் உயரத்தை, ஹகினைக் கணக்கிடச் சொல்லுங்கள். வாட்ஸப்புக்கு மட்டும் என்றால் இன்னும் குறைக்கலாம். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல் கால்வாசி ஆகிவிடும்.